பாவ்லோவ் பயிற்றிய நாய்கள்

உளவியல் பாடநூல்களின் வழியாக இவான் பெத்ரோவிச் பாவ்லோவை அறிந்தவர்கள், மணியோசை கேட்டு எச்சில் ஒழுக நிற்கும் ஒரு நாயோடு சேர்த்தே அவரை நினைவில் வைத்திருக்கின்றனர். அந்த நாய்க்குப் பெயரில்லை. தனக்கென ஓர் இயல்புமில்லை. எந்த நாயாயினும் அப்படித்தான் நிற்கும் என்ற எண்ணத்தையே அப்படம் விதைக்கின்றது. நாய் பயிற்றுவோர் இவ்வெண்ணத்தைத் தத்தமக்கு ஏற்றவாறு எடுத்துக்கொண்டனர். கழுத்து வாரைச் சுண்டியும் அடித்தும் பணியவைப்போர், அச்சத்தால் படிவதும் பாவ்லோவ் சொன்ன வழியே என்பர். தின்பண்டம் கொடுத்துப் பழக்குவோரும் அவரையே துணைக்கு அழைப்பர். எம்முறையைத் தேர்வது என்னும் வழக்கில் இருதரப்பும் சாட்சியாக நிறுத்தும் அம்மனிதர், தம்மை நாய் பயிற்றுநராக ஒருபோதும் கருதியவர் அல்லர். ஆயினும் உணவு, வலி, கட்டு, அச்சம், தனிமை என அவ்வழக்கில் பேசப்படும் கூறுகள் யாவும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகச் சோதிக்கப்பெற்றன. தொடக்கத்தில் தாம் கொண்ட கருத்தை அவர் பலமுறை மாற்றிக்கொள்ளவும் நேர்ந்தது. மாற்றியவை நாய்களே.

1849ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியசான் நகரில் பாவ்லோவ் பிறந்தார். தந்தை பியோத்தர் திமீத்ரியெவிச் திருச்சபைக் குரு; தாய் வர்வாரா இவானவ்னா. சிறு வயதில் உயரத்திலிருந்து கல்தளத்தில் விழுந்து நெடுங்காலம் நலிவுற்றிருந்தமையால், பதினோராம் வயதிலேதான் அவர் பள்ளிக்குச் சென்றார். தந்தையின் வழியைப் பின்பற்றிக் குருமார் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாரெனினும், அந்நாளில் கைக்கு வந்த நூல்கள் அவரை வேறு திசைக்கு இழுத்தன. உடலியலறிஞர் செச்சேனவ் 1863இல் வெளியிட்ட மூளையின் மறிவினைகள் என்னும் நூல் அவற்றுள் தலையாயது. தூசு பட்டதும் இமை மூடுவதுபோலப் புறத்தூண்டலுக்கு உடல் தானாக ஆற்றும் எதிர்ச்செயலே மறிவினை எனப்படும். மனத்தின் செயல் என்று கருதப்படுவனவும் மூளையின் மறிவினைகளே என்பது செச்சேனவின் துணிபு. அத்துணிபு குருவின் மகனுடைய நெஞ்சில் தங்கிவிட்டது. 1870இல், குருமார் கல்வியை முடிக்காமலே, அவர் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சென்றார்.

பல்கலைக்கழகக் கல்வியை 1875இலும் மருத்துவக் கல்வியை 1879இலும் முடித்தார். 1881இல் செராஃபீமா வசீலியெவ்னா என்பாரை மணந்தார். பின்வந்த ஆண்டுகள் வறுமையில் கழிந்தன; முதற்குழந்தை இறந்தது. மாணவர்கள் திரட்டித் தந்த சிறு தொகையையும் அவர் சோதனைக்கு நாய் வாங்கச் செலவிட்டார் என்று சொல்லப்படுகின்றது.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று பின்னால் வருவதற்கெல்லாம் வித்தாக அமைந்தது. புகழ்பெற்ற மருத்துவர் போத்கினின் மருத்துவமனையோடு இணைந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் பாவ்லோவ் நாய்களின் இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். நாயைக் கயிற்றால் இறுகக் கட்டியும் மயக்கமருந்து கொடுத்தும் அளப்பதே அன்றைய வழக்கம். கட்டுண்டு அஞ்சும் நாயின் இரத்த அழுத்தம் இயல்பான அழுத்தமாகுமா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. எனவே மயக்கமருந்தின்றி, மேசைமீது தானே அசையாமற் படுத்திருக்குமாறு ஒரு நாயைப் பொறுமையாகப் பழக்கினார். அடித்துப் படுக்கவைத்தால் அளவு பிழைபடும்; ஆகவே நாய் அமைதியாயிருத்தல் அளவுக்கு இன்றியமையாததாயிற்று. அவர் இதனை இரக்கம் என்று கூறவில்லை. துல்லியம் என்றே கூறினார். அஞ்சாத நாயே உண்மை சொல்லும் என்னும் இக்கருத்தை இறுதிவரை அவர் கைவிடவில்லை. அதற்கு மாறாக நடந்தபோதெல்லாம் நாய்கள் அவருக்கு அதனை நினைவூட்டின.

1890இல் இராணுவ மருத்துவக் கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1891இல் புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் உடலியல் துறைத் தலைமையும் அவரை வந்தடைந்தது. அறுவைச் சோதனையின் முடிவில் விலங்கு மடிவதே வழக்கமாயிருந்த காலத்தில், அறுவைக்குப்பின் நாய் தேறி, நெடுநாள் நலமாக வாழ்ந்து, உண்டு செரிக்கும் நிலையிலேயே ஆய்வுக்கு உதவவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. இதற்காக நாய்களுக்கென்றே தூய்மை பேணும் அறுவைக்கூடமும் நோய் தேறும் அறைகளும் அமைத்தார். இரைப்பையின் ஒரு பகுதியைத் தனிப்பையாகப் பிரித்து, அதன் சாற்றை வெளியே சேர்க்கும் அறுவை பலமுறை தோற்று, 1894இல் துருஷோக் என்னும் நாயிடம் வெற்றி பெற்றது. உருசிய மொழியில் அப்பெயருக்குச் சிறு நண்பன் என்பது பொருள்.

இப்பகுதியை எழுதுவோர் பலரும் நண்பன் என்ற சொல்லோடு நிறுத்திவிடுகின்றனர். நிறுத்துதல் தகாது. உணவுக்குழாய் அறுக்கப்பட்ட நாய்கள் விழுங்கிய இறைச்சி கழுத்துத் துளை வழியே கலத்தில் விழ, வயிறு நிறையாமலே அவை உண்டுகொண்டிருந்தன. அவற்றின் இரைப்பைச் சாறு செரிமானக் குறைவுக்கு மருந்தாகக் குப்பிகளில் விற்கப்பட்டு ஆய்வுக்கூடத்திற்கு வருவாயும் ஈட்டிற்று. நீண்ட காலம் வாழ்ந்தவை சில. தேறாமல் இறந்தவை பல. செரிமானம் பற்றிய இந்த ஆய்வுக்கே 1904இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உருசியர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அது. உலகம் இன்று அவரோடு சேர்த்து நினைக்கும் ஆய்வு அப்பரிசுக்குக் காரணமன்று.

பரிசு வருமுன்பே பாவ்லோவின் கவனம் திரும்பிவிட்டது. உணவு நாவிற் படுமுன்பே நாய்களுக்கு வாயூறியது. உணவுக்கலத்தைக் கண்டால் ஊறியது; உணவு கொணரும் பணியாளின் காலடியோசை கேட்டாலும் ஊறியது. செரிமான ஆய்வுக்கு இஃது இடையூறு. இந்த இடையூற்றையே அவர் ஆய்வுப்பொருளாக்கினார். அவருடன் பணிசெய்த ஸ்னார்ஸ்கி என்பவர், நாயின் எண்ணம், விருப்பம், நினைவு ஆகியவற்றைக்கொண்டு இதனை விளக்க முற்பட்டார். பாவ்லோவ் உடன்படவில்லை. நாய் நினைக்கிறது, விரும்புகிறது என்று பேசத் தொடங்கினால் பேசுபவர் தம் மனத்தையே நாயின்மேல் ஏற்றிப் பேசுகிறார் என்பது அவர் வாதம். இருவரும் பிரிந்ததைப் பாவ்லோவே பின்னாளில் எழுதியுள்ளார். 1903இல் மத்ரித் நகரில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் தம் புதிய நெறியை அவர் அறிவித்தார். ஆய்வுக்கூடத்தில் நாயின் மனத்தைக் குறிக்கும் சொல்லை எவரேனும் ஆண்டால் தண்டம் விதிக்கப்பட்டது என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. சொல்லைத் தடுப்பதால் பொருளைத் தடுக்க இயலுமா என்பதைக் கவிஞர்கள் அறிவார்கள். பாவ்லோவின் பிற்கால உரைகளில் அஞ்சும் நாய், சுறுசுறுப்பான நாய், அடங்காத நாய் என்னும் சொற்கள் பின்வாசல் வழியே திரும்பி வந்தன.

அவர் கையாண்ட முறை எளிமையானது. கன்னத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழல் வாயைச் சிறு அறுவையால் வெளிப்புறம் திருப்பி, வேதியியலறிஞர் மெண்டலேயெவின் பெயரால் வழங்கும் பசையைக்கொண்டு அங்கே ஒரு கண்ணாடிப் புனலை ஒட்டுவர். நாய் மரச்சட்டத்தில் மென்மையான வார்களுக்கிடையே நிற்கும். ஒரு குறி காட்டப்படும். சில நொடிகளில் உணவு வரும். இப்படிப் பலமுறை நிகழ்ந்தபின் குறி மட்டும் காட்டினும் உமிழ்நீர் சொட்டும். அச்சொட்டுகளை எண்ணுவர். இவ்வாறு புதிதாக உண்டாகும் தொடர்பே ஆக்கநிலையிறுத்தம் என்று தமிழில் வழங்கப்படுகின்றது. குறியாக மணியும் சிலவேளை ஒலித்ததுண்டு. பெரும்பாலும் ஒலித்தவை மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி, மின்னொலிப்பான், ஆர்மோனியம் ஆகியவையே. விளக்கொளியும் தோலின்மீது படும் தொடுகையும் குறிகளாயின. குறி முந்தவேண்டும், உணவு பிந்தவேண்டும். உணவு முந்திக் குறி பிந்தினால் நாய் அதனைப் பொருட்படுத்துவதில்லை. குறி காட்டி உணவு தராமலே விட்டுக்கொண்டிருந்தால் கற்றது மங்கும். ஆனால் அழிவதில்லை, மறுநாள் மீண்டும் தலைகாட்டும். நாய்க்கு ஒன்றைக் கற்பிக்கும் எவரும், எம்முறையைப் பின்பற்றினும், இவ்விதிகளுக்குத் தப்ப இயலாது. உணவைக் கையில் காட்டியபின் ஆணையைச் சொல்பவரிடம் நாய் கையைக் கற்குமேயன்றிச் சொல்லைக் கற்காது.

இதே நகரில், இதே மருத்துவக் கழகத்தில், மற்றொரு முறையும் வளர்ந்துகொண்டிருந்தது. நரம்பியலறிஞர் பெஃதிரெவ் நாயின் பாதத்தில் மின்னோட்டம் பாய்ச்சினார். ஓர் ஒலி கேட்டதும் மின்னோட்டம் வருமாயின், சிலமுறைகளுக்குப்பின் ஒலி கேட்ட அளவிலேயே நாய் காலைத் தூக்கிக்கொள்ளும். பாவ்லோவுக்கும் பெஃதிரெவுக்கும் நிகழ்ந்த பூசல் அறிஞருலகம் நன்கறிந்தது. உமிழ்நீரை அளக்க அறுவை வேண்டும், தம் முறைக்கு அறுவை வேண்டா, மனிதரிடமும் அதனைக் கையாளலாம் என்பது பெஃதிரெவின் கட்சி. உணவுவழி முறைக்குக் கத்தி தேவைப்பட்டது. வலிவழி முறைக்குக் கத்தி தேவைப்படவில்லை. எம்முறை கொடியது, எம்முறை மென்மையானது என்று விரைந்து தீர்ப்புக் கூற முற்படுவோர் இம்முரணை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் நலம்.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியிலும் அக்காலத்தில் இருவழிகள் பிரிந்தன. ஜெர்மனியில் காவல்துறை நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட பயிற்சி நூல், வார், கழுத்துப்பட்டை, வற்புறுத்தல் ஆகியவற்றை முதன்மையாகவும் பாராட்டை அதற்கு அடுத்தும் வைத்தது. இராணுவ நாய்ப் பயிற்சியில் அதன் செல்வாக்கு நெடுங்காலம் நிலைத்தது. மாஸ்கோவில் சர்க்கஸ் கோமாளியாகப் பெயர் பெற்ற விளாதிமிர் துரோவ் சாட்டையை ஒதுக்கி, உண்பித்தும் தடவிக்கொடுத்தும் விலங்குகளைப் பழக்கினார். 1924இல் தம் முறையை நூலாகவும் எழுதினார். பாவ்லோவ் இவ்விருவரில் எவர் பக்கமும் சேரவில்லை. அவருடைய வினா வேறு. உணவைக்கொண்டு கற்பித்தாலும் வலியைக்கொண்டு கற்பித்தாலும் நாயின் மூளைக்குள் நிகழ்வது என்ன என்பதே அவர் அறிய விரும்பியது.

அவ்வினாவுக்கு 1912இல் யெரோஃபேயவா என்னும் ஆய்வாளர் நிகழ்த்திய சோதனை திடுக்கிடவைக்கும் விடையொன்றைத் தந்தது. நாயின் தோலில் மின்னோட்டம் பாய்ச்சி, அதனை அடுத்து உணவு தந்தார். முதலில் நாய் துடித்தது. நாளடைவில், மெல்ல மெல்ல வலுப்படுத்தப்பட்ட அதே மின்னோட்டத்திற்கு நாய் துடிப்பதை நிறுத்தியது, உணவு வரும் திசையை நோக்கித் திரும்பி நாவைச் சுழற்றியது, வாயூறியது. வலி உணவின் குறியாகிவிட்டது. எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும் நாயை நாலடியார் பாடியிருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். அங்கு அது நட்பின் உயர்வு. பீட்டர்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பின்னுரை ஒன்று எழுதப்பட்டது. மின்னோட்டத்தைத் தோலின் வேறு வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டே சென்றபோது, ஒரு கட்டத்தில் அனைத்தும் ஒருங்கே குலைந்தன. வாயூறல் நின்றது, நாய் வெறிகொண்டு எதிர்த்தது, முதலில் பழகிய இடத்திலும் பழக்கம் மறைந்தது. அமைதியாக வாலாட்டியதைக் கண்டு நாய்க்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியோர் கணக்கில் ஒன்றை விட்டிருந்தனர்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஷெங்கர்-கிரெஸ்தோவ்னிகோவா நிகழ்த்திய சோதனையில் வலியே இல்லை. திரையில் வட்டம் தெரிந்தால் உணவு வரும். நீள்வட்டம் தெரிந்தால் வாராது. நாய் இவ்வேறுபாட்டை எளிதிற் கற்றது. நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒத்ததாக மாற்றிவந்தனர். அதன் இரு அச்சுகளும் 9:8 என்னும் அளவுக்கு நெருங்கியபோது நாயால் பிரித்தறிய இயலவில்லை. மூன்று வாரம் முயன்றும் பயனில்லை. அதுவரை சட்டத்தில் அமைதியாக நின்ற நாய் கீச்சிட்டது, நெளிந்தது, கருவிகளைப் பல்லாற் கடித்துக் கிழித்தது. முன்பு எளிதாகப் பிரித்தறிந்த நீள்வட்டத்தையும் இப்போது அறியாததாயிற்று. அடியில்லை, மின்னோட்டமில்லை, கையில் உணவே இருந்தது. ஆயினும் நாய் நொறுங்கியது. தின்பண்டத்தை மென்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் நின்று பார்க்கவேண்டிய இடம் இது. தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட பாடத்தை எம்முறையிற் கற்பித்தாலும் அது தண்டனையே ஆகும். தேர்வுக்கு அஞ்சும் குழந்தைகளைக் கண்ட ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாம் சான்று 1917இல் வெளிவந்தது. ஒரு நாய் சட்டத்தில் நிற்க மறுத்தது. அடிக்கவில்லை, துன்புறுத்தவில்லை, வார்களும் தளர்வாகவே இருந்தன. ஆயினும் கட்டு என்பதே அதற்குப் பொறுக்கவில்லை. ஓயாமல் உமிழ்நீர் வடித்தது, விடுபட முயன்றது. இதற்கு விடுதலை மறிவினை என்று பாவ்லோவும் அவருடன் ஆய்ந்த குபெர்கிரித்சும் பெயரிட்டனர். பெயரிட்டபின் அவர்கள் செய்தது அந்நாயை விடுவிப்பதன்று. அன்றாட உணவு முழுவதையும் சட்டத்தில் நிற்கும்போது மட்டுமே தந்தனர். நாய் முதலில் மிகச் சிறிதே உண்டு மெலிந்தது. பின்பு சிறிது சிறிதாக உண்ணத் தொடங்கிப் பல மாதங்களுக்குப்பின் அடங்கிற்று. விடுதலை வேட்கையைப் பசி வென்றது. பண்ணையடிமை முறை ஒழிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த நாட்டில், முடியாட்சி கவிழ்ந்த ஆண்டில், பாவ்லோவ் இச்சோதனையை மனிதரின் அடிமைத்தனத்தோடு இணைத்தே பேசினார். நாயை அடக்கிய அதே கட்டுரையில் அடக்கப்படாமையின் உயர்வையும் அவர் எழுதினார். இம்முரண்பாட்டை அவர் உணராதவர் அல்லர். உணர்ந்தும் சோதனையை முடித்தார். அவருடைய பெருமையும் குறையும் இந்த ஓரிடத்தில் ஒருங்கே தெரிகின்றன எனலாம்.

புரட்சிக்குப்பின் பசி அவர் வீட்டுக்கே வந்தது. நோபல் பரிசுத் தொகை போயிற்று. மகன் விக்தோர் 1919இல் இறந்தார். ஆய்வுக்கூடத்தில் விறகில்லை, விளக்கில்லை; நாய்கள் பட்டினியால் மடிந்தன. எழுபது வயது முதியவர் நிறுவனத்தின் நிலத்தில் தம் கையாலேயே காய்கறி பயிரிட்டார். நாட்டை விட்டு வெளியேறவும் அவர் எண்ணினார். 1921 ஜனவரியில் லெனின் கையொப்பமிட்ட ஆணை அவருக்கும் அவருடைய ஆய்வுக்கும் தனிச் சலுகைகள் அளித்தது. உடன் பணிபுரிவோர் பட்டினி கிடக்கத் தமக்கு மட்டும் மிகுதியான பங்கீடு வேண்டா என்று அவர் மறுத்தார். அரசு தந்த பொருளுதவியை ஆய்வுக்குப் பெற்றுக்கொண்டே அரசின் கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்தும் வந்தார். உணவு தரும் கைக்கு வாலாட்டுவதே உயிரின் இயல்பு என்று அவர் கொள்கையைச் சுருக்கிக் கூறுவோர்க்கு அவர் வாழ்க்கையே மறுப்பாக நின்றது.

இதற்கிடையில் நாய்களுக்குள்ளே வேறுபாடு உண்டு என்னும் உண்மை வலுப்பெற்று வந்தது. ஒரே ஒலி, ஒரே உணவு, ஒரே சட்டம்; ஆயினும் நாய்கள் ஒன்றுபோல் கற்கவில்லை. சட்டத்தில் நிற்கும் நாய்கள் உறங்கிவிடுவது ஆய்வாளர்களுக்குப் பெருந்தொல்லை. துள்ளிக் குதிக்கும் நாய்களைத் தேர்ந்தெடுத்தால் உறக்கம் வாராதென்று பாவ்லோவ் கருதினார். அவையே முதலில் உறங்கின. ஓயாத மாற்றத்தில் உயிர்க்கும் நாய், ஒரே ஒலி ஒலிக்கும் அறையில் துவண்டுவிடுகின்றது. மூலையில் ஒடுங்கி, சுவரோரமாகவே நடந்து, ஆள் குரலுக்கும் பதுங்கும் நாய்களோ, பழகியபின் அவ்வறையில் நம்பத்தக்க மாணவராயின. வெளித்தோற்றத்தைக்கொண்டு நாயை அளந்தவர்களுக்கு இது முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தை நேவா ஆறு கற்பித்தது. 1924 செப்டம்பர் 23ஆம் நாள், லெனின்கிராத் என்று அவ்வாண்டில் பெயர் மாறிய அந்நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. நாய்க்கூடங்களில் நீர் ஏறிற்று. கூண்டின் கதவு தாழ்வாக இருந்தமையால், மேலே தலைநீட்டி நீந்திக்கொண்டிருந்த நாய்களை நீருக்குள் அமிழ்த்தியே வெளிக்கொணர வேண்டியதாயிற்று. காற்றும் அலையும் சூழ அவை ஆய்வுக்கூடத்துக்கு நீந்தவைக்கப்பட்டன. நாய்கள் பிழைத்தன, அவற்றுட் சில கற்றதை எல்லாம் இழந்தன. ஆண்டுக்கணக்கில் நிலைத்த பழக்கங்கள் ஒருநாளில் மறைந்தன. சில நாய்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஒரே வெள்ளம், ஒரே கூடம், விளைவு வேறு. அச்சம் எந்த நாயில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை முன்கூட்டி அறிய இயலாமற் போயிற்று.

பாதிக்கப்பட்ட நாய் ஒன்றை மீட்க ஸ்பெரான்ஸ்கி என்னும் ஆய்வாளர் மேற்கொண்ட வழி இக்கதையிலேயே மிகவும் உள்ளத்தைத் தொடுவது. பாவ்லோவின் ஆய்வுக்கூட மரபின்படி ஆய்வாளர் அறைக்கு வெளியே இருப்பார், நாய் தனித்திருக்கும். ஆள் உள்ளேயிருந்தால் அவர் மூச்சும் அசைவும் குறிகளாகிச் சோதனையைக் கெடுக்கும் என்பதற்காகவே ஒலி புகாத அறைகள் பெருஞ்செலவில் கட்டப்பட்டன. இப்போது அம்மரபைத் தளர்த்தி, ஸ்பெரான்ஸ்கி நாயின் அருகிலேயே அமர்ந்தார். மற்றொருவர் வெளியிலிருந்து சோதனையை நடத்தினார். மறைந்த பழக்கங்கள் திரும்பின. அவர் எழுந்து சென்றால் மறைந்தன. அவருடைய உடை ஒன்றை நாயின் கண்ணிற் படாதவாறு அறையில் வைத்தபோதும், அதன் மணமே நாய்க்குத் துணையாயிற்று. மணியும் உணவும் மின்னோட்டமும் கணக்கிடப்பட்ட ஏட்டில், நாய்க்குப் பழகிய ஒருவர் அருகில் இருத்தல் என்பதும் ஓர் ஆற்றலாகப் பதிவாயிற்று. நாய் தேறியபின், ஒருநாள் கதவின் அடியிற் சிறிது நீர் கசியவிடப்பட்டது. அதைக் கண்ட அளவில் நாய் மீண்டும் நிலைகுலைந்தது. அச்சத்தால் ஒருமுறை எழுதப்பட்டதை அழிக்க எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இவற்றிலிருந்து பாவ்லோவ் வந்தடைந்த கருத்து நாய்களின் நரம்பியல்பு பற்றியது. வலிமை, சமநிலை, மாறும் திறன் ஆகிய மூன்றையும் அளவுகோலாக்கி, பண்டைக் கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்த நால்வகை மனப்பாங்குகளின் பெயர்களை நாய்களுக்குச் சூட்டினார். அவ்வகைப்பாடு இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஆனால் அதன் பயன் நடைமுறையில் தெரிந்தது. நிலைகுலைந்த நாய்களுக்குப் புரோமைடு மருந்தும் ஓய்வும் தந்தபோது, வலிய நாய்க்கு ஏற்ற அளவு மெலிய நாய்க்குத் தீங்காயிற்று. மெலிய நாய்க்கு மிகச் சிறிதே வேண்டியிருந்தது. மருந்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை பயிற்சிக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அவர் எட்டாத இடமும் ஒன்றுண்டு. அவருடைய சட்டத்தில் நின்ற நாய் உணவைப் பெற ஒன்றும் செய்யவேண்டியதில்லை. குறி வந்தால் உணவு வரும். வீட்டிலும் வயலிலும் பயிற்சி பெறும் நாயோ ஒன்றைச் செய்கிறது. செய்ததற்குப் பயன் பெறுகிறது. வார்சாவில் மில்லர், கொனோர்ஸ்கி என்னும் இரு இளைஞர்கள், நாயின் காலைத் தூக்கிவிட்டு உணவு தந்து, பின்பு நாய் தானே காலைத் தூக்கி உணவு கேட்குமாறு செய்தனர். கொனோர்ஸ்கி 1931 முதல் ஈராண்டுகள் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி ஆய்ந்தார். இது வேறுவகைக் கற்றல் என்னும் அவருடைய கருத்தை முதியவர் முழுமையாக ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஸ்கின்னர் அவ்வழியை விரித்தார்; 1951இல் பொதுமக்களுக்கு எழுதிய கட்டுரையொன்றில், சொடுக்கொலி எழுப்பும் சிறு விளையாட்டுப் பொருளைக்கொண்டு நாயைப் பழக்கும் முறையை விளக்கினார். அந்தச் சொடுக்கொலி உணவின் முன்னறிவிப்பாக நாய்க்கு இனிப்பதற்குக் காரணம் பாவ்லோவ் கண்ட விதி. அவ்வொலியைப் பெற நாய் முயல்வதற்குக் காரணம் அவர் ஏற்கத் தயங்கிய விதி.

வாழ்வின் இறுதி ஆண்டுகளை அவர் லெனின்கிராத்துக்கு அண்மையிலுள்ள கோல்துஷி என்னும் சிற்றூரில், நாய்களின் பிறவியியல்பை ஆயும் நிலையத்தில் பெரிதும் கழித்தார். அங்கு விர்ஷிகோவ்ஸ்கி, மயோரவ் என்னும் இருவர், ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளை இரு கூறாக்கிச் சிலவற்றைக் கூண்டிலும் சிலவற்றை வெளியில் உலவவிட்டும் வளர்த்து, 1933இல் முடிவை வெளியிட்டனர். கூண்டில் வளர்ந்தவை, நரம்பு வலிமை உடையவையாயினும், அஞ்சி நடுங்கின. நாயின் கோழைத்தனம் பிறவியிலே வருவதென்று பாவ்லோவ் முன்னர்க் கூறியிருந்தது இதனால் திருத்தம் பெற்றது. பயிற்சி தொடங்கு முன்பே, குட்டியை எப்படி வளர்த்தார்கள் என்பதில் பாதிப் பாடம் முடிந்துவிடுகின்றது. எண்பதைக் கடந்த ஒருவர் தம் கருத்தை இவ்வாறு திருத்திக்கொண்டது எளிய செயலன்று.

1935 ஆகஸ்டில் உலக உடலியலாளர் மாநாடு லெனின்கிராத்திலும் மாஸ்கோவிலும் அவர் தலைமையிற் கூடியது. அதே மாதத்தில் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. சிற்பி பெஸ்பாலவ் வடித்த அதன் பீடத்தில் ஆய்வுக்கூடக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழுள்ள வாசகங்கள் பாவ்லோவ் எழுதியவை. தொன்றுதொட்டு மனிதனுக்குத் துணையாய் வந்த நாய் அறிவியலுக்குப் பலியாகலாம் என்றும், அப்பலி தேவையற்ற வேதனையின்றி நிகழவேண்டும் என்றும் அவ்வாசகங்களுள் ஒன்று கூறுகின்றது. தேவையானது எவ்வளவு என்று அது கூறவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், நுரையீரல் அழற்சியால், எண்பத்தாறாம் வயதில் பாவ்லோவ் காலமானார். வோல்கவோ இடுகாட்டில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நகரின் பெயர் மீண்டும் மாறிவிட்டது. தோட்டத்து நாய் பீடத்தின்மேல் இன்றும் அமர்ந்திருக்கின்றது.